ஏழாம் ஆணிக் கத்திரி

பெண்கள் சிறையில் தையல் சொல்லிக்கொடுக்கிற டீச்சருக்கு மொத்தப் படிப்பே ஐந்தாம் வகுப்புதான். மேலே படிக்க ஆசை இல்லாமல் இல்லை. அப்பா படுத்த படுக்கையாகிவிட, பத்து வயதில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தவர், நாற்பத்தேழு வயதாகியும் எழுந்திருக்கவில்லை. கைதிகளுக்கு அவர் தையலக்கா. அதிகாரிகளுக்கு டீச்சர். கணவர் பஸ் டிரைவர். அவர் வாயில் மட்டும் டீச்சரம்மா. அதில் கிண்டல் பாதி, பெருமை பாதி.

சிறையில் ஒன்பது வருடமாகத் தற்காலிக வேலை. அடுத்த மாதம் நிரந்தரம் ஆகிவிடும் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். தினமும் காலையில் தையல் அறைக் கதவைத் திறக்குமுன் ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பார். "இன்னைக்கு யார் விரல்லயும் ஊசி ஏறக்கூடாது சாமி." அவ்வளவுதான் வேண்டுதல். பெரிதாக ஒன்றும் கேட்டுப் பழக்கமில்லை.

அந்த அறையில் பதினோரு மிஷின்கள். ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் தைப்பார்கள். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் பன்னிரண்டு ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் என்ன சாமான் தொங்க வேண்டுமோ அதன் உருவத்தைக் கறுப்புப் பெயின்டில் அதே அளவுக்கு வரைந்திருந்தார்கள். சாமான் தொங்கினால் கறுப்பு மறையும். கறுப்பு முழுசாகத் தெரிந்தால் சாமான் இல்லை. மாலையில் வார்டர் வாசலில் நின்றபடியே ஒரு பார்வை பார்த்து எண்ணிவிடுவார், டீச்சர் நோட்டில் கையெழுத்துப் போடுவார், கதவைப் பூட்டுவார்கள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஏழாம் ஆணியில் தொங்கிய பத்து அங்குலக் கத்திரியின் மறை கழன்று உடைந்துபோனது. ஸ்டோரில் கொண்டுபோய்க் கொடுத்தார். வேறு பெரிய கத்திரி கையிருப்பில் இல்லை. அதற்குப் பதிலாக, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு நூல்வெட்டியைக் கொடுத்தார் ஸ்டோர்காரர். விரல் நுழைக்க வளையம்கூடக் கிடையாது. அழுத்தினால் வெட்டும், விட்டால் விரியும், அவ்வளவு சின்னச் சாமான்.

"பலகையில படம் பெரிசா இருக்கே?" என்றார் டீச்சர்.

"ஆணியில ஒண்ணு தொங்குதா இல்லையா?"

"தொங்கும்."

"அப்புறம் என்ன டீச்சர்? படத்துக்கா கணக்கு, பொருளுக்கா? போய்க் கையெழுத்துப் போடுங்க."

நோட்டில் 'கத்திரி, 7' என்றே இருந்தது. அதைத் திருத்தவில்லை. பெரிய கறுப்பு உருவத்தின் நடுவில் சின்ன நூல்வெட்டி, பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி தொங்கியது. ஒரு வாரம் கண்ணை உறுத்தியது. அப்புறம் எல்லோருக்கும் அதுதான் 'ஏழு'. "ஏழைக் குடு", "ஏழு எங்கே" என்று பேச்சும் பழகிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் மேலேயிருந்து ஓர் உத்தரவு வந்தது. கைதிகளோடு பழகுகிற அத்தனை பேரும் எட்டுப் புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, குற்ற உளவியல் வகுப்பில் உட்கார வேண்டும். சொல்லிக்கொடுக்க ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியை வந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, கையில் ஒரு சாக்குக்கட்டியோடு மட்டும் நின்றார். முன்வரிசையில் ஜெயிலரம்மா. அவருக்குப் பக்கத்தில் தலைமை வார்டர். டீச்சர் கடைசி வரிசையில், ஐந்தாம் வகுப்பில் விட்ட நோட்டுப் புத்தகத்தை மறுபடி கையில் எடுத்த மாதிரி, மடியில் புது நோட்டோடு உட்கார்ந்தார்.

"குற்றவாளியை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று ஆரம்பித்தார் பேராசிரியை.

"மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சிடும்" என்றார் தலைமை வார்டர். இருபத்தாறு வருட அனுபவம்.

"உங்களை மாதிரியே நெனச்சவங்க ஒரு காலத்துல இருந்தாங்க. கைதிங்களோட மண்டையை அளந்தாங்க, தாடையை அளந்தாங்க, திருடன் முகம் இப்படித்தான் இருக்கும்னு புத்தகமே எழுதிட்டாங்க. அப்புறம் வெளியில போய் அளந்தா, அதே தாடை நல்ல மனுஷங்களுக்கும் இருந்துது."

தலைமை வார்டர் தன்னை அறியாமல் தாடையைத் தடவிக்கொண்டார். பின்வரிசை முழுக்கச் சிரிப்பு.

"ஒருத்தர் ஏன் குற்றம் பண்றார், அதே வீட்டுல அதே கஷ்டத்துல வளர்ந்த இன்னொருத்தர் ஏன் பண்ணலைன்னு கேக்கறது இந்தப் படிப்புல ஒரு பாகம்தான். நேர்ல பாத்த சாட்சி மனசு எப்படி வேலை செய்யுது, கேள்வி கேக்கற போலீஸ் மனசு எப்படி, தீர்ப்பு சொல்றவர் மனசு எப்படி, பூட்டி வெக்கற நம்ம மனசு எப்படி, எல்லாத்தையும் பாக்கணும்."

"நம்ம மனசை எதுக்குப் பாக்கணும்?" என்றார் ஜெயிலரம்மா.

"சாவி நம்மகிட்டதானேம்மா இருக்கு."

இரண்டாவது புதன்கிழமை பாடத்தின் நடுவில் ஓர் ஆள் உள்ளே வந்தார். மேசையில் இருந்த பேராசிரியையின் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எல்லோரும் பதறி எழுந்தார்கள். பேராசிரியை பதறவில்லை. "உக்காருங்க. அவர் கையில இருந்த குடை என்ன நிறம்?" என்று கேட்டார்.

நான்கைந்து பேர் கறுப்பு என்றார்கள். ஒருவர் நீலம் என்றார். டீச்சரும் கறுப்பு என்றுதான் சொன்னார். குடையின் வளைந்த பிடிகூட அவர் கண்ணுக்குத் தெரிந்தது. பேராசிரியை கதவைத் திறந்து அந்த ஆளை உள்ளே கூப்பிட்டார். அவர் கையில் சுருட்டிய செய்தித்தாள்தான் இருந்தது. குடையே இல்லை.

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டார்.

"அம்மா, நான் பொய் சொல்ல மாட்டேன். சாமி மேல பயம் உள்ளவ. இல்லாத குடையை இருந்துதுன்னு எப்படிச் சொன்னேன்?"

"நீங்க பொய் சொல்லலை. குடை என் கேள்வியில இருந்துது. உங்க ஞாபகம் அதை வாங்கி உள்ளே வெச்சுக்கிட்டுது."

அன்றிரவு சாப்பிடும்போதும் டீச்சருக்கு அதே நினைவுதான். வேண்டுமென்று சொன்னால்தான் பொய் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தார். ஒருத்திக்கே தெரியாமல் அவள் வாயில் பொய்யை வைக்க முடியும் என்றால், கேள்வி கேட்கிறவர்கள் எவ்வளவு பயபக்தியோடு கேட்க வேண்டும்!

மூன்றாவது புதன்கிழமை, செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று ஒத்துக்கொள்கிறவர்களைப் பற்றிப் பாடம். விட்டால் போதும் என்று ஒத்துக்கொள்பவர்கள் உண்டு. யாரையோ காப்பாற்ற ஒத்துக்கொள்பவர்கள் உண்டு. திரும்பத் திரும்பக் கேட்டதில், தானே செய்திருப்போமோ என்று நம்பிப்போகிறவர்களும் உண்டு. "ஒருத்தர் ஒத்துக்கிட்டா அதோட நிறுத்தாதீங்க" என்றார் பேராசிரியை. "செஞ்சவருக்கு மட்டுமே தெரிஞ்சிருக்கக்கூடிய விஷயம் அதுல என்ன இருக்குன்னு பாருங்க. எல்லாமே கேட்டவருக்கு முன்னாடியே தெரிஞ்சதா இருந்தா, அது பதில் இல்லை. கேள்வி திரும்பி வந்திருக்கு."

இந்த வரியை டீச்சர் பெரிய பெரிய எழுத்தாக நோட்டில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் மாலை, ஏழாம் ஆணி காலி.

வார்டர் வாசலிலிருந்து பார்த்து நின்றார். துணிகளை உதறினார்கள், மிஷின்களை நகர்த்தினார்கள், கைதிகளைச் சோதித்தார்கள். கிடைக்கவில்லை. ஜெயிலரம்மா வந்தார். அந்த அறைக்குள் அவர் வருவது வருடத்துக்கு இரண்டு முறை.

"என்ன காணோம்?"

"ஏழு காணோம்மா" என்றார் டீச்சர். அந்த அறையில் எல்லோரும் சொல்கிற மாதிரிதான் சொன்னார். அதற்குமேல் வாய் எழவில்லை. ஜெயிலரம்மா பலகையைப் பார்த்தார். முழங்கை நீளத்துக்கு ஒரு கறுப்புக் கத்திரி அங்கே வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

சந்தேகம் போய் விழுந்த இடம் குருவி. இருபத்து மூன்று வயது, ஒல்லி உடம்பு, வெடுக் வெடுக்கென்று நடை. அதனால் அந்தப் பெயர். பஸ்ஸில் பிளேடு போட்டுப் பையை அறுத்ததற்காக உள்ளே வந்தவள். தையல் தெரியாது. மாலையில் துணிக் கழிவை அள்ளிப் போக மட்டும் வருவாள். பை அறுக்கிறவளுக்குக் கத்திரி எதற்கென்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இன்னும் எட்டு நாளில் அவளுக்கு விடுதலை. வெளியே அக்கா வீட்டில் நான்கு வயதுப் பெண் குழந்தை.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மாலை வரைக்கும் அவளை உட்காரவைத்துக் கேட்டார்கள். யாரும் அடிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். உண்மை வெளியே வரும்வரை அந்தப் பிளாக்கில் யாரையும் பார்க்க உறவுக்காரர்களை விடமாட்டோம் என்று மட்டும் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேருடைய பிள்ளைகள் வருகிற நாள். சாயங்காலம் குருவி ஒத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை ஜெயிலரம்மா ஊழியர்களைக் கூட்டி வாக்குமூலத்தைப் படித்தார். "பலகையின் ஏழாம் ஆணியிலிருந்து பத்து அங்குல நீளமுள்ள கறுப்புப் பிடி போட்ட கத்திரியை எடுத்து, துணி மூட்டையில் மறைத்துக் குளியலறைக்குப் பின்னால் உள்ள சாக்கடையில் போட்டேன்." கீழே கையெழுத்து. திங்கட்கிழமை மேலதிகாரி முன்னால் விசாரணை, அதன்பின் போலீஸில் புது வழக்கு. விடுதலை நின்றுவிடும்.

பத்து அங்குலம் என்ற சொல் காதில் விழுந்ததும் டீச்சர் நிமிர்ந்தார். மாலைக் கணக்குப் பார்க்கிற வார்டரைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாவுக்கும் விஷயம் தெரியும். அவர் தரையைப் பார்த்தபடியே, "எனக்கெதுக்கு டீச்சர் வம்பு" என்று முணுமுணுத்தார்.

டீச்சர் நேரே குருவியின் அறைக்குப் போனார். கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

"நீதான் எடுத்தியா?"

"நான்தான்க்கா."

"எவ்ளோ பெரிசு, காட்டு."

குருவி மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தொட்டுக் காட்டினாள்.

"பிடி?"

"கறுப்பு."

"நீ அதை என்னைக்காவது கையில எடுத்துப் பாத்திருக்கியா?"

"பலகையில கறுப்பாத்தானேக்கா இருக்கு." சொல்லிவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "விடுங்கக்கா. நாளைக்கு எல்லாரும் புள்ளைங்களைப் பாக்கட்டும். எனக்கு வழக்கு புதுசா என்ன?"

"உன் புள்ளை?"

குருவி எழுந்து அறையின் மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் டீச்சர் கீரை ஆய்ந்துகொண்டே கணவரிடமும் நாத்தனாரிடமும் எல்லாவற்றையும் சொன்னார்.

"சொல்றேன்னு கோவிச்சுக்காத டீச்சரம்மா" என்றார் டிரைவர். "எட்டு மாசம் உன் கையெழுத்துதான் அங்க கத்திரி தொங்குதுன்னு சொல்லியிருக்கு. இப்ப நீயே போய், அது கத்திரி இல்லைங்கன்னா, முதல்ல யார் கழுத்துல கை வெப்பாங்க?"

"என் கழுத்துலதான்."

"அடுத்த மாசம் நிரந்தரம்."

"ஆமா."

"அண்ணி, அவளே ஒத்துக்கிட்டாளே" என்றாள் நாத்தனார். "திருடிதானே, இதை எடுக்கலைன்னாலும் வேற எதையாவது எடுத்திருப்பா."

"வேற எதையாவது எடுத்ததுக்குத்தான் உள்ள இருக்கா. அதை முடிச்சிட்டா. நீ போன வாரம் என் ஜாக்கெட்டைக் கேக்காம போட்டுட்டுப் போனியே, அதுக்காக இந்தத் தெருவுல காணாமப் போறதுக்கெல்லாம் உன்னைக் கேக்கலாமா?"

"ஜாக்கெட்டை இன்னும் மறக்கலையா நீங்க?" நாத்தனார் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் விளக்கேற்றிக் கும்பிட்டபோது டீச்சர் வழக்கத்துக்கு மாறாக எதையும் கேட்கவில்லை. நாளைக்கு இதைச் சொல்லப்போகிறேன் என்று தகவல் மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை பத்து மணி. மேலதிகாரியின் அறையில் நீள மேசை. ஓய்வுபெற ஒரு வருடமே இருந்த அந்த மனிதர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வாக்குமூலத்தைப் படித்தார். ஓரத்தில் குருவி நின்றாள். டீச்சரைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டிருந்தார்கள். காணாமல் போனது உண்மைதான் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியது.

"காணாமப் போனது உண்மைங்க ஐயா. ஆனா அது பத்து அங்குலக் கத்திரி இல்லை."

ஜெயிலரம்மா நிமிர்ந்தார். "என்ன டீச்சர் சொல்றீங்க? நோட்டுல கத்திரின்னுதானே இருக்கு. பலகையிலயும் கத்திரிதானே."

"நோட்டுலயும் பலகையிலயும்தாம்மா அது கத்திரி. ஆணியில தொங்கினது நூல்வெட்டி. என் சுண்டுவிரல் நீளம்தான் வரும். அதுக்குப் பிடியே கிடையாது. ஸ்டோர் புத்தகத்துல பாருங்க, எட்டு மாசத்துக்கு முன்னாடி நூல்வெட்டி ஒண்ணு குடுத்ததா எழுதியிருக்கும். பலகையைப் பாத்து நீங்க கேட்டீங்க. நீங்க கேட்டதைக் கேட்டு இவ சொல்லியிருக்கா. இவளோட வாக்குமூலத்துல இவளுக்குன்னு தெரிஞ்ச விஷயம் ஒண்ணுகூட இல்லை."

"மூணு வகுப்பு கேட்டதும் நீங்களும் பேராசிரியை ஆயிட்டீங்களா?"

"ஆகலைம்மா. நீங்களும் முன்வரிசையிலதானே இருந்தீங்க. எனக்குக் கடைசி வரிசையில கேட்டது உங்களுக்குக் கேட்டிருக்கும்."

அறையில் யாரோ இருமினார்கள். டீச்சரின் குரல் நடுங்கவில்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மேலதிகாரி ஸ்டோர் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். வந்தது. பக்கத்தைப் புரட்டினார். நூல்வெட்டி, ஒன்று. கீழே ஸ்டோர்காரர் கையெழுத்தும் டீச்சர் கையெழுத்தும்.

"சரி, நூல்வெட்டின்னே வெச்சுக்குவோம்" என்றார் ஜெயிலரம்மா. "அதை இவ எடுத்திருக்கக் கூடாதா?"

"எடுத்திருந்தா எடுத்ததைச் சொல்லியிருப்பாம்மா. எடுக்காததாலதான் பலகையில வரைஞ்சதைச் சொல்லியிருக்கா."

மேலதிகாரி குருவியைப் பார்த்தார். "நீ எடுத்தது எவ்வளவு நீளம்?"

குருவி டீச்சரைப் பார்த்தாள், ஜெயிலரம்மாவைப் பார்த்தாள். "நான் எதையும் எடுக்கலை சார்" என்றாள். ஒத்துக்கொண்ட பிறகு இதுதான் முதல் முறை.

வாக்குமூலத்தின் குறுக்கே மேலதிகாரி கோடு போட்டு ஏதோ எழுதினார். பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பினார். "எட்டு மாசம் நீங்க போட்ட கையெழுத்துக்கு என்ன பேரு?"

"தப்புங்க ஐயா."

"எழுதிக் குடுங்க."

மதியம் ஜெயிலரம்மா தன் அறைக்குக் கூப்பிட்டார். காலையில் இருந்த கடுகடுப்பு இல்லை. அவர் கெட்டவர் அல்ல. தன் பொறுப்பில் இருந்த இடத்தில் கூர்மையான ஒரு சாமான் தொலைந்துவிட்டதே என்று நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர். டைப் அடித்த ஒரு தாளை மேசையில் நகர்த்தினார்.

"உங்களுக்காகத்தான் தயார் பண்ணினேன். ஒன்பது வருஷ உழைப்பு வீணாகக் கூடாதில்ல. படிங்க."

வியாழக்கிழமை மாலையே, தொலைந்தது நூல்வெட்டி என்று டீச்சர் வாய்மொழியாகச் சொன்னதாகவும், பதற்றத்தில் அது சரியாகக் காதில் விழாமல் போனதாகவும் அதில் இருந்தது. இதில் கையெழுத்துப் போட்டால் டீச்சர் மறைத்ததாகாது. ஜெயிலரம்மா தவறாக விசாரித்ததாகவும் ஆகாது. எல்லோருக்கும் நல்லது.

"நான் அன்னைக்கு அப்படிச் சொல்லலைங்களேம்மா."

"சொன்னதா வெச்சுக்குங்க. நானும் கேட்டேன்னுதான் சொல்லப்போறேன். யாருக்கு நஷ்டம்?"

டீச்சர் தாளை இன்னொரு முறை படித்தார். வரிகள் நன்றாகவே இருந்தன. படிக்கப் படிக்க, அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லியிருப்போமோ என்றுகூட ஒரு விநாடி தோன்றியது. அதுதான் அவரைத் தூக்கிவாரிப் போட்டது. தாளை நான்காக மடிக்கவில்லை, கிழிக்கவில்லை. மேசைமேல் வைத்து, வந்த வழியே நகர்த்தினார்.

"இல்லாததை எழுதி வெச்சுக் குருவிகிட்டக் கையெழுத்து வாங்கினீங்க. இப்ப அதையே என்கிட்ட வாங்கப் பாக்கறீங்க. அவளுக்கு வழி இல்லை, போட்டா. எனக்கு இருக்கு. போட மாட்டேன்."

"நிரந்தரம் நின்னுபோகும் டீச்சர். அதுக்கப்புறம் என்னைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை."

"உங்களைச் சொல்ல மாட்டேம்மா. ஒரு வெள்ளைத் தாள் மட்டும் குடுங்க."

அங்கேயே, ஜெயிலரம்மாவின் மேசை ஓரத்திலேயே குனிந்து எழுதினார். எழுதி முடிக்க அரைமணி நேரம் ஆனது. இடையில் இரண்டு முறை தலைமை வார்டர் கதவருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஏழாம் ஆணியில் எட்டு மாதமாக நூல்வெட்டி தொங்கியது. அதைக் கத்திரி என்று கையெழுத்துப் போட்டது நான். வியாழக்கிழமை நான் ஏழு என்று மட்டும்தான் சொன்னேன், நூல்வெட்டி என்று சொல்லவில்லை. பயத்தில் தோன்றவில்லை. தொலைந்ததற்குப் பொறுப்பு நான். இதில் அந்தப் பெண்ணுக்குச் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தெரியாது. இவ்வளவுதான் எழுதினார். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நூல்வெட்டி கடைசிவரை கிடைக்கவில்லை. ஏதோ ஒரு தலையணை உறை மூட்டைக்குள் விழுந்து ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம், வேறு யாராவது எடுத்துமிருக்கலாம். குருவி எடுக்கவில்லை என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. அவள்தான் எடுத்தாள் என்று சொல்லவும் யாரிடமும் எதுவும் இல்லை. அவள் விடுதலை, சொன்ன தேதியில் நடந்தது. தையல் அறை அப்போது விசாரணைக்காகப் பூட்டிக் கிடந்ததால் டீச்சரிடம் சொல்லிக்கொண்டு போகவும் முடியவில்லை.

டீச்சருக்கு வந்த கடிதத்தில், நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிவைக்கப்படுவதாக இருந்தது. தலைமை வார்டர்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஒரு திருடிக்காக ஒரு வருஷத்தை விட்டுட்டீங்களே டீச்சர். அவ நாளைக்கே இன்னொரு பையை அறுத்துட்டு இங்கயே வந்து நிப்பா பாருங்க."

"வரட்டும்" என்றார் டீச்சர். "அறுத்துட்டு வந்தா அறுத்ததுக்கு உள்ள வெப்போம்."

அன்று புதன்கிழமை. மணி இரண்டாகப் போகிறது. டீச்சர் நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். கடைசி வரிசையைத் தாண்டி நடந்து, முன்வரிசையில் ஜெயிலரம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜெயிலரம்மா தன் கைப்பையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார்.